கீரை ஆயும் நேரம்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதையொட்டி ஒரு சிறுவர் இதழுக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ‘கடல் ஏன் நீலமாக இருக்கிறது?’ என்பது பொருள். புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை, குறிப்புகளெல்லாம் தயார். அப்படியும் காலை எட்டரை மணிக்கு மடிக்கணினியைத் திறந்தவன் பதினொன்றரை வரை முதல் பத்தியைத் தாண்டவில்லை. ‘சூரிய ஒளியில் ஏழு நிறங்கள் உள்ளன’ என்று தொடங்குவேன். பாடப்புத்தக வாடை அடிக்கும், அழிப்பேன். ‘நீரின் மூலக்கூறுகள்’ என்று தொடங்குவேன். அதே வாடை, அதே அழிப்பு. நடுநடுவே மூளைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போமே என்று செல்போனை எடுத்தேன். ஒரு கிரிக்கெட் துணுக்கு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்னச் சண்டை, யாரோ ஒருவர் பரோட்டா மாவைக் காற்றில் வீசும் வீடியோ. திரும்பி வந்து பார்த்தால் கர்சர் அதே இடத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“சும்மாதானே உட்கார்ந்திருக்க, இந்த முருங்கைக்கீரையை ஆஞ்சு குடு” என்று அம்மா முறத்தைக் கொண்டுவந்து வைத்தார். “ராத்திரியே துணியில சுத்தி வச்சிருந்தா காலையில தானா உதிர்ந்திருக்கும். மறந்துட்டேன்.”

முருங்கைக்கீரை ஆய்ந்து பழகியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சலிப்பான வேலை என்று. ஒரு கையில் காம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையின் இரண்டு விரலால் உருவ வேண்டும். இலையோடு பொடிக்காம்பும் சேர்ந்து வரும், அதைப் பொறுக்கிப் போட வேண்டும். பழுத்த இலையைத் தள்ள வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு, மனசுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. செல்போன் உள்ளறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாதிக் கீரை முடிந்திருக்கும், யோசிக்காமலேயே ஒரு கப்பல் மனசில் வந்து நின்றது. அதன் மேல்தளத்தில் கையில் சின்னப் பட்டகத்தோடு ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூலக்கூறை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இந்த ஆளிடமிருந்து தொடங்கு என்று தோன்றியது. பச்சைக் கறை படிந்த விரலோடு போய் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் கட்டுரை முடிந்துவிட்டது.

கீரையைச் சுத்தம் செய்வதற்கும் தமிழில் ஆய்வதுதான், ஆராய்ச்சிக் கூடத்தில் செய்வதற்கும் ஆய்வதுதான். இந்த ஒற்றுமையை நான் ரொம்ப இழுக்கப் போவதில்லை. ஆனால் மூன்று மணி நேரம் திரைமுன் வராதது இருபது நிமிடத்தில் முறத்தின் முன் எப்படி வந்தது என்ற கேள்விக்கு, கடந்த நூறு ஆண்டுகளில் உளவியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் சேர்த்துவைத்திருக்கும் விடைகள் சுவையானவை. சில கெட்டியானவை. சில இன்னும் ஆட்டம் காண்பவை.

முதலில் இந்த முட்டுக்கட்டை என்ன என்று பார்க்க வேண்டும். எழுத வராதபோது “மண்டை காலியா இருக்கு” என்கிறோம். உண்மையில் அப்போது மண்டை காலியாக இருப்பதில்லை. ஏதோ ஒன்று வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட தண்ணீர்க் குடுவைச் சோதனை இதை அழகாகக் காட்டியது. நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். மூன்று குடுவைகள்: முதலாவது 21 அளவு கொள்ளும், இரண்டாவது 127, மூன்றாவது 3. சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். 127ஐ நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரண்டு முறையும் ஊற்றிவிட்டால் 100 மிஞ்சும். இதே வழியில் விடை வரும் கணக்குகளாகவே வரிசையாக நாலைந்து கொடுப்பார். ஆள் அந்த வழிக்குப் பழகிவிடுவார். அப்புறம் 23, 49, 3 என்ற குடுவைகளைக் கொடுத்து 20 அளவு கேட்பார். 23லிருந்து 3ஐ எடுத்தால் 20, ஒரே ஊற்றில் முடிந்தது. ஆனால் பழகியவர்களில் பெரும்பாலோர் 49ஐ நிரப்பி, 23ஐக் கழித்து, 3ஐ இரண்டு முறை கழித்து, பழைய நீள வழியிலேயே 20க்கு வந்தார்கள். பழைய வழியில் விடையே வராத கணக்கு ஒன்றும் இருந்தது: 28, 76, 3 என்ற குடுவைகளை வைத்து 25 அளவு. 28லிருந்து 3 போனால் 25 என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். செக்குமாட்டுத் தடத்தில் இறங்கிவிட்ட பலர் இதில் முழித்துக்கொண்டு நின்றார்கள். முந்தைய கணக்குகளைச் செய்யாமல் நேராக இதற்கு வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

என் கட்டுரைக்கு நடந்ததும் அதுதான். ‘அறிவியல் கட்டுரை விளக்கத்தில் தொடங்கும்’ என்ற தடம் ஒருமுறை விழுந்துவிட்டது. பிறகு எத்தனை முறை அழித்து எழுதினாலும் மாடு அதே வட்டத்தில்தான் சுற்றுகிறது. முயற்சி கூடக்கூடத் தடம் ஆழமாகிறது.

இங்கே இன்று எல்லோரும் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோசனை வரவில்லையா, இணையத்தில் மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று தேட ஆரம்பிக்கிறோம். கோலம் போடுகிறவர் முதல் கட்டட வரைபடம் போடுகிறவர் வரை இதே வழக்கம். டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இருவர் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறது. பொறியியல் மாணவர்களிடம் சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அந்த மாதிரியில் உறிஞ்சுகுழல் இருந்தது. உறிஞ்சுகுழல் வைக்கக் கூடாது என்று குறிப்பிலேயே சொல்லியிருந்தும், மாதிரியைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட மிக அதிகமாக உறிஞ்சுகுழல் வைத்தே வரைந்தார்கள். மாதிரியில் இருந்த கோளாறையும் சேர்த்து நகல் எடுத்தார்கள். அப்போது இணையம் இன்றைய வடிவில் இல்லை, ஒரே ஒரு படத்துக்கே இந்தக் கதி. ஒரு மணி நேரத்தில் இருநூறு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நமக்கு எத்தனை உறிஞ்சுகுழல்கள் மண்டைக்குள் சொருகிக்கொள்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

தடத்திலிருந்து மாட்டை அவிழ்ப்பது எப்படி? பழைய பதில், விட்டுவிட்டுப் போ என்பது. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்கரே 1908இல் பாரிஸில் ஆற்றிய உரையில் தன் அனுபவத்தைச் சொன்னார். ஒருவகைச் சார்புகள் குறித்து 15 நாள் நாள்தோறும் மேசையில் மல்லுக்கட்டியிருக்கிறார். கொஞ்சம் வழி பிறந்தது. பிறகு நிலவியல் சுற்றுலா ஒன்றுக்காகக் கான் நகரைவிட்டுக் கிளம்பினார். பயண அலைச்சலில் கணக்கு மறந்தே போயிற்று. கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டி ஏறப் படியில் காலை வைத்த நொடியில், அந்தச் சார்புகளை வரையறுக்க அவர் பயன்படுத்திய உருமாற்றங்களும் யூக்ளிட் அல்லாத வடிவியலின் உருமாற்றங்களும் ஒன்றே என்பது பளிச்சென்று தெரிந்தது. ஏறி உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்தாராம். கையோடு சரிபார்க்கக்கூட இல்லை, அவ்வளவு உறுதி.

இதற்கு ‘அடைகாத்தல்’ என்று பெயர் கிடைத்தது. 1926இல் ‘த ஆர்ட் ஆஃப் தாட்’ என்ற நூலில் கிரகாம் வாலஸ், படைப்புச் செயலை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: ஆயத்தம், அடைகாத்தல், வெளிச்சம், சரிபார்ப்பு. கோழி அடையில் உட்கார்ந்திருக்கும்போது குஞ்சு பொரித்துவிட்டதா என்று கூடையை அடிக்கடி தூக்கிப் பார்த்தால் பாட்டி கையில் அடி விழும். வாலஸுக்கு நம் பாட்டியைத் தெரியாது என்றாலும் சொன்ன விஷயம் அதுதான். ஆனால் பாட்டிக்குத் தெரிந்த இன்னொரு விஷயத்தை, இதைப் பற்றி இப்போது எழுதுபவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். அடை வைப்பதற்கு முட்டை வேண்டும், அதுவும் கூமுட்டையாக இருக்கக் கூடாது. புவான்கரேயின் 15 நாள்தான் முட்டை. அடைகாத்தல் பற்றிய 117 ஆய்வுகளைத் திரட்டி சியோ, ஆர்மரோட் என்ற இருவர் 2009இல் கணக்குப் பார்த்தார்கள். இடைவெளி விடுவது பொதுவாகவே உதவுகிறது, பல விடைகள் சாத்தியமான திறந்த கேள்விகளுக்குக் கூடுதலாக உதவுகிறது, இடைவெளிக்கு முன்னால் அதிக நேரம் முயன்றவர்களுக்கு இன்னும் கூடுதலாக உதவுகிறது என்று தெரிந்தது.

ஏன் உதவுகிறது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நாம் அறியாமல் உள்மனம் கணக்கைத் தொடர்ந்து போடுகிறது என்பது ஒரு கட்சி. அப்படியெல்லாம் மாயமில்லை, தவறான தடம் மெல்ல மறந்துபோகிறது, அவ்வளவுதான் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. மறதியை நாம் எப்போதும் குறையாகவே பார்க்கிறோம். இங்கே அது கூலியில்லாமல் வேலை செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் புவான்கரே அல்ல, இயற்பியலாளர் சார்லஸ் டவுன்ஸ். 1951 ஏப்ரலில் வாஷிங்டனுக்கு ஒரு குழுக் கூட்டத்துக்காக வந்திருந்தார். மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளை உண்டாக்க வழி தேடுவதற்காக அமெரிக்கக் கடற்படை அமைத்த குழு அது. அவர்தான் தலைவர். மாதக்கணக்கில் கூடிப் பேசியும் உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. அலைநீளம் குறையக் குறைய அதை உண்டாக்கும் உலோகப் பெட்டியும் சுருங்க வேண்டும். அவ்வளவு சின்னப் பெட்டியைக் கடைவதும் கடினம், அதற்குள் ஆற்றலைச் செலுத்தினால் தாங்குவதும் கடினம். எல்லோரும் பெட்டியைச் சின்னதாக்குவது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள். தடம் தெரிகிறதல்லவா?

விடுதி அறையில் அவரோடு தங்கியிருந்தவர் ஆர்தர் ஷாலோ, பின்னர் டவுன்ஸின் தங்கையை மணந்தவர். ஷாலோ நேரம் கழித்து எழுபவர். டவுன்ஸ் வீட்டில் சின்னக் குழந்தைகள், அதனால் விடியற்காலையிலேயே விழித்துக்கொள்ளும் பழக்கம். தூங்குபவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஓசையில்லாமல் வெளியே வந்து, பக்கத்திலிருந்த பிராங்க்ளின் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அசேலியாச் செடிகள் பூத்துக் கிடந்தன. பெட்டியைச் செய்வது கடினம் என்றால் இயற்கை ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் மூலக்கூறையே பயன்படுத்தினால் என்ன? இந்த யோசனை அவருக்கு முன்பே வந்து, வெப்ப இயக்கவியல் இடம் கொடுக்காது என்று தள்ளிவிட்டதுதான். சமநிலையில் உள்ள மூலக்கூறுகள் வாங்குவதைவிட அதிகமாகக் கொடுக்காது. அன்றைக்குப் பெஞ்சில் தோன்றியது அடுத்த அடி: சமநிலையில் ஏன் இருக்க வேண்டும்? ஆற்றல் மிகுந்த மூலக்கூறுகளை மட்டும் பிரித்தெடுத்தால்? சட்டைப்பையில் இருந்த பழைய கவர் ஒன்றின் பின்புறத்தில் அம்மோனியா மூலக்கூறை வைத்துக் கணக்குப் போட்டார். சரியாக வந்தது. 1954இல் அந்த யோசனையில் பிறந்த ‘மேசர்’ என்ற நுண்ணலைக் கருவி வேலை செய்தது. 1960இல் அதே வழியில் லேசர் வந்தது. 1964இல் டவுன்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கண்ணாடி இழை வழியாக நம் கைக்கு வீடியோக்களைக் கொண்டுவரும் ஒளி, அந்தக் கவரின் பின்புறத்தில் பிறந்ததன் வாரிசு. அன்று அவர் கையில் அந்த வீடியோக்கள் இருந்திருந்தால் விடுதிக் கட்டிலிலேயே படுத்தபடி பார்த்திருப்பாரோ என்னவோ. குழந்தைகள் எழுப்பிவிடும் அப்பாக்கள் இப்போது விடியற்காலையில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி மண்டைக்குள். உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடு. ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 விழுக்காடு அதற்கே போகிறது. இதில் வியப்பு என்னவென்றால், சும்மா இருக்கும்போதும் செலவு பெரிதாகக் குறைவதில்லை. கடினமான வேலையில் இறங்கினால் கூடுவதும் சொற்பமே. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரைக்கிளும் சகாக்களும் மூளைப் படங்களில் விந்தையான ஒன்றைக் கவனித்தார்கள். ஏதாவது பணி கொடுத்தவுடன் சில பகுதிகள் அடங்கிப்போயின. பணி இல்லாதபோது அவையே மும்முரமாக இயங்கின. 2001இல் இதை ‘இயல்புநிலை’ என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். பழைய நினைவுகளைக் கிளறுவது, நடக்காததைக் கற்பனை செய்வது, தொடர்பில்லாத இரண்டை முடிச்சுப்போடுவது எல்லாம் இந்த வலையமைப்பின் வேலைகள். 2018இல் ரோஜர் பீட்டியின் குழு வெளியிட்ட ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. புதுமையாக யோசிப்பவர்களின் மூளையில் இந்த இயல்புநிலை வலையமைப்பும், கவனத்தைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பும் வழக்கத்தைவிட நெருங்கிப் பேசிக்கொள்கின்றன. சாதாரணமாக ஒன்று எழுந்தால் மற்றது உட்காரும். படைப்பு என்பது பகல்கனவு காண்பவனையும் கணக்குப்பிள்ளையையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிற வேலை போலிருக்கிறது.

பொறி தட்டும் நொடியையே படம்பிடித்தவர்களும் உண்டு. மார்க் பீமன், ஜான் கூனியோஸ் இருவரும் 2004இல் வெளியிட்ட சோதனையில் சொற்புதிர்களைப் பயன்படுத்தினார்கள். தமிழில் சொன்னால் ‘தாய், தேங்காய், கள்ளி’ மூன்றோடும் சேரும் ஒரு சொல் எது என்பது போல. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்தவர்களில் சிலர் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள், சிலருக்குத் திடீரென்று ‘பால்’ என்று வந்து விழும். அப்படி வந்து விழுந்தபோது, வலது காதுக்கு மேலுள்ள பகுதியில் மின்னலைப் போல ஓர் எழுச்சி தெரிந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்தது. விடை வருவதற்கு ஒரு விநாடிக்குச் சற்று முன்பே, பின்மண்டையில், கண்ணிலிருந்து வரும் செய்திகளைக் கையாளும் பகுதியில் ஆல்ஃபா அலைகள் உயர்ந்தன. வெளியிலிருந்து வரும் காட்சியை மூளை ஒரு கணம் தணித்துக்கொள்கிறது என்று இதற்குப் பொருள். உள்ளே மெல்லிய குரலில் ஏதோ கேட்கிறது, கதவைச் சாத்து என்பதுபோல. வகுப்பில் “என்னடா விட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருக்க?” என்று தலையில் குட்டு வாங்கியவர்கள் இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு தங்கள் பழைய ஆசிரியரைப் போய்ப் பார்க்கலாம்.

விட்டத்தில் ஒன்றுமே நடக்காது, அதுதான் அதன் சிறப்பு. கையிலிருக்கும் திரையில் ஒவ்வொரு விநாடியும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. கண்ணைத் தணிக்க விடாத பொருள் அது. நான் மூளைக்கு ஓய்வு என்று நினைத்துச் செய்தது, மண் சுமந்தவனைக் கூப்பிட்டு ‘களைப்பாக இருப்பாய், கொஞ்சம் செங்கல் சுமந்துவிட்டு வா’ என்று சொன்ன கதைதான்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் காங், கர்ட்ஸ்பெர்க் இருவரும் 414 மாணவர்களிடம் 20 எழுத்துக்கலவைப் புதிர்களைக் கொடுத்தார்கள். பாதியில் சிலருக்கு இடைவேளை. அந்த இடைவேளையில் ஒரு வேலை: பொருள் வாங்குவதற்கான பட்டியலில் சிலவற்றைத் தேர்ந்தெடுப்பது. சிலர் அதைக் காகிதத்தில் செய்தார்கள், சிலர் கணினியில், சிலர் செல்போனில். வேலை ஒன்றுதான், கருவிதான் வேறு. செல்போனில் செய்தவர்கள் மீதிப் புதிர்களுக்கு மற்றவர்களைவிட 19 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்தார்கள், 22 விழுக்காடு குறைவாக விடுவித்தார்கள். 2019இல் வெளியான இந்த ஆய்வில், செல்போன் இடைவேளை எடுத்தவர்கள் இடைவேளையே எடுக்காதவர்களின் நிலையில்தான் இருந்தார்கள்.

வேலை மாறும்போது நேரும் ஒன்றுக்குச் சோஃபி லெராய் 2009இலேயே ஒரு பெயர் வைத்திருந்தார்: கவனத்தின் எச்சம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனம் முழுதாகத் தாவுவதில்லை, கொஞ்சம் பழையதில் ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்புக் கரண்டியை அப்படியே பாயசத்தில் விட்டால் என்ன ஆகும், அதுதான். திரை முன்னால் மக்கள் ஒரே பக்கத்தில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்று குளோரியா மார்க் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளின் அளவுகளில் அது 47 விநாடி. கரண்டி இத்தனை வேகத்தில் பாத்திரம் மாறினால் எதிலும் எந்தச் சுவையும் தேறாது.

சரி, கீரைக்கு வருவோம். கலிபோர்னியாவில் பெஞ்சமின் பேர்டும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட சோதனை கிட்டத்தட்ட என் முறத்தைப் பற்றியது. 145 பேரிடம் செங்கல் போன்ற சாதாரணப் பொருளுக்கு வழக்கமில்லாத பயன்களை யோசிக்கச் சொன்னார்கள். பிறகு 12 நிமிடம் இடைவெளி. ஒரு குழுவுக்கு நினைவை வதைக்கும் கடினமான வேலை. ஒரு குழுவுக்குச் சலிப்பூட்டும் எளிய வேலை. ஒரு குழு சும்மா உட்கார்ந்திருந்தது. கடைசிக் குழுவுக்கு இடைவெளியே இல்லை. மறுபடி அதே பொருளைக் கொடுத்தபோது, எளிய வேலை செய்தவர்கள் சுமார் 40 விழுக்காடு முன்னேறினார்கள், மற்றக் குழுக்களில் அப்படி முன்னேற்றமில்லை. புதிய பொருளைக் கொடுத்தால் எளிய வேலைக் குழுவுக்கும் பலனில்லை. முட்டை இருந்த இடத்தில்தான் குஞ்சு. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூடக் கிடைக்காத பலன் கைவேலைக்காரர்களுக்குக் கிடைத்தது என்பது என் அம்மாவுக்குப் பிடித்த செய்தி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நாணயமாகாது. பேர்டின் முடிவைச் சோதிக்கப் பிறகு வந்த ஆய்வுகள் சிலவற்றில், மனம் அலைவதற்கும் புதுமைக்கும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. செல்போன் மேசையில் இருந்தாலே மூளைத்திறன் குறைகிறது என்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு செய்தித்தாள்களில் பெரிதாக அடிபட்டது, அதுவும் எல்லா மறுசோதனைகளிலும் நிற்கவில்லை. காட்டுக்குள் நான்கு நாள் மின்னணுக் கருவிகள் இல்லாமல் நடந்தவர்களின் கதை இன்னும் பிரபலம். ரூத் ஆன் ஆட்ச்லி, டேவிட் ஸ்ட்ரேயர் உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்டது. 56 மலையேறிகள். மேலே சொன்ன ‘பால்’ வகைப் புதிர்களில் பத்துக்கு, கிளம்புமுன் எழுதியவர்கள் சராசரி 4.14 எடுத்தார்கள், நான்காம் நாள் எழுதியவர்கள் 6.08. ஐம்பது விழுக்காடு வளர்ச்சி என்று விளம்பரம் ஆயிற்று. ஆனால் முன்னால் எழுதியவர்கள் வேறு, பின்னால் எழுதியவர்கள் வேறு. காட்டினால் வந்ததா, கருவி இல்லாததால் வந்ததா என்று பிரிக்க முடியாது என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அதைச் சொல்லாமல் ‘டிஜிட்டல் விரதம்’ என்று மலைவாசத்தலங்களில் அறை வாடகைக்கு விடுபவர்களை நான் நம்புவதில்லை. நாலு நாள் வாடகை கொடுத்துச் செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு, அதை அரை மணி நேரம் அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு வரலாம்.

இன்னொரு தலைகீழ்ப் பிழையும் உண்டு. யோசனையெல்லாம் குளியலறையிலும் பேருந்திலும்தான் வரும் என்று நம்பிக்கொண்டு மேசைப் பக்கமே போகாமல் இருப்பது. இயற்பியலாளர்களும் எழுத்தாளர்களும் நாள்தோறும் தங்கள் சிறந்த யோசனையைக் குறித்துவைத்த ஆய்வு 2019இல் வந்தது. வேலைக்கு வெளியே மனம் அலையும்போது வந்தவை ஐந்தில் ஒன்றுதான். மிச்சம் நான்கும் வேலையின்போதோ, அந்தச் சிக்கலைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும்போதோ வந்தன. ஆனால் அந்த ஐந்தில் ஒன்றுக்கு ஒரு தனிக்குணம் இருந்தது: அடைபட்டுக் கிடந்த சிக்கலை உடைத்தது என்று அவர்கள் குறித்தவை அவற்றில் அதிகம். நன்றாக ஓடும் நாளில் எழுந்து நடக்க வேண்டாம். முட்டிக்கொண்ட நாளில் நடக்கலாம்.

நடப்பது பற்றி ஸ்டான்ஃபோர்டில் ஒபெஸ்ஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் செய்ததைச் சொல்ல வேண்டும். நடக்கும்போது புதுப் பயன்களை யோசிக்கும் அளவு சராசரியாக 60 விழுக்காடு கூடியது. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் கூடியது, ஆக மரமும் குயிலும் கட்டாயமில்லை. மொட்டைமாடி போதும். ஒரே விடையை நோக்கிக் கூர்மையாகப் போக வேண்டிய புதிர்களில் மட்டும் நடந்தவர்கள் ஒரு படி பின்தங்கினார்கள். அதனால் யோசனைக்கு மாடி, கணக்குக்கு மேசை.

அப்படியென்றால் ஏன் செய்வதில்லை? சும்மா இருப்பது நமக்கு அவ்வளவு பிடிக்காது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமதி வில்சன் 2014இல் வெளியிட்ட சோதனையில், ஆட்களை 15 நிமிடம் வெற்று அறையில் தங்கள் நினைப்போடு மட்டும் உட்கார வைத்தார்கள். அறையில் ஒரு பொத்தான், அமுக்கினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்பே ஒருமுறை வாங்கி, இதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன் என்று சொன்னவர்கள்தான் உள்ளே இருந்தார்கள். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் சலிப்புத் தாங்காமல் தாங்களாகவே பொத்தானை அமுக்கினார்கள். ரேஷன் கடை வரிசையிலும் பல் மருத்துவர் வீட்டு பெஞ்சிலும் நமக்கு அந்தப் பொத்தான் சட்டைப்பையிலேயே இருக்கிறது. வலிக்காத பொத்தான் வேறு. கரண்ட் போனால் தெருவே வாசலுக்கு வந்து விசிறிக்கொண்டு உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. நேரம் போகாமல் வானத்தைப் பார்ப்போம். அந்த இருட்டு இனி வேண்டாம்தான். அந்த வெற்று நேரம் அதோடு சேர்ந்தே போய்விட்டது.

என் மனசில் வந்த கப்பல் ‘எஸ்.எஸ். நர்குண்டா’. 1921இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு, திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த 32 வயது சி. வி. ராமன் அதில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொன்னதை அந்தக் காலத்தில் எல்லோரும் ஏற்றிருந்தார்கள். மத்தியதரைக் கடலின் அடர்நீலத்தைப் பார்த்த ராமனுக்கு அது ஒட்டவில்லை. அவரிடம் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. சரியான கோணத்தில் பிடித்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்து ஒளியை அது வெட்டிவிடும். பிடித்துப் பார்த்தார். வானம் போயிற்று, நீலம் போகவில்லை, முன்னைவிட அழுத்தமாகவே தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதிய கடிதத்தில் 1921 செப்டம்பர் 26, பம்பாய்த் துறைமுகம் என்று போட்டு ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் ராமன் விளைவைக் கண்ட 1928 பிப்ரவரி 28 வந்தது, 1930இல் நோபல் பரிசும் வந்தது. ராமனுக்கு முட்டுக்கட்டை இருந்ததாக யாரும் சொல்லவில்லை, ஆகவே இவரை என் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பது கொஞ்சம் அத்துமீறல்தான். ஆனால் நாள்கணக்கில் கடலைத் தவிர வேறு எதுவும் பார்க்கக் கிடைக்காத ஒரு மேல்தளம் அவருக்கு வாய்த்தது. அதைச் சிறுவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் வேறு எதுவும் பார்க்கக் கிடைக்காத ஒரு முறத்தின் முன்னால்தான்.

போன வாரம் இந்தக் கட்டுரையின் நடுவில் மறுபடி முட்டிக்கொண்டது. செல்போனை அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், ஆய்வதற்குக் கீரை இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா ஒரு பழைய வேட்டித் துணி மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். ராத்திரியே சுற்றி வைத்திருக்கிறார். காம்பு தனியாகக் கிடந்தது, இலை அத்தனையும் உதிர்ந்து துணியில் கிடந்தது.

“இதுல வேலை ஒண்ணும் இல்ல” என்றார். “ஊற வச்ச மொச்சை இருக்கு, வேணும்னா உட்கார்ந்து பிதுக்கு.”